தெற்குச் சுவரின் தாழ்ந்த ஜன்னல்

செவ்வாய், ஜூலை 8

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. மிளகு மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றியாச்சு.

சர்ச் பெருக்க இன்று என் முறை. போனால் தரையையே காணோம். பழைய கல்தளத்தின் மேல் பளபள டைல்ஸ். சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திப்போட்டு சிமெண்ட். தேக்கு உத்தரங்களை மறைத்து ஃபால்ஸ் சீலிங். இதற்குப் பெயர் புதுப்பிப்பாம். கமிட்டிச் செயலாளருக்குச் சேந்தமங்கலத்தில் டைல்ஸ் கடை. வேறென்ன சொல்ல.

ஏசியும் வருகிறதாம். கொல்லிமலையில் ஏசி! ஸ்வெட்டர் இல்லாமல் ஜெபம் பண்ண முடியாத ஊரில்!

புதன், 9

செயலாளர் நேற்றுச் சொன்னதே காதில் நிற்கிறது.

"அந்த மொட்டை ஜன்னல அடச்சிரலாங்க சிஸ்டர். ஏசிக் காத்தெல்லாம் அது வழியாத்தான் போவும்."

மொட்டை ஜன்னலாம். மற்றதெல்லாம் உயரத்தில், உச்சி கூராக. தெற்குச் சுவரில் இது ஒன்றுதான் சின்னதாக, தாழ்வாக, கண்ணாடி இல்லாமல் மரக்கதவோடு. கட்டிய வெள்ளைக்காரப் பாதிரியார், தன் சொந்த ஊரில் பல நூறு வருடமாக நிற்கும் கோயிலைப் பார்த்து அப்படியே வைத்தாராம். பழைய பாஸ்டர் சொல்வார். அங்கே அது எதற்கு? தொழுநோயாளிகள் வெளியே நின்று ஆராதனை பார்க்க என்று சிலர். வயலில் இருப்பவர்களுக்கு மணி அடிக்க என்று சிலர். யாருக்கும் நிச்சயமில்லை.

இங்கே எதற்கென்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். என் வீட்டுக்காரருக்கு.

கருப்பனாருக்குப் பூசை செய்கிற குடும்பம். வேறு சாமி இருக்கும் இடத்துக்குள் கால் வைக்க மாட்டார். கல்யாணமான முதல் ஞாயிறு வளப்பூரிலிருந்து வண்டியில் கொண்டுவந்து விட்டவர், அந்த ஜன்னலுக்கு வெளியே கிடந்த கல்லில் உட்கார்ந்தார். இன்றுவரை அங்கேதான். உள்ளே ஜன்னலையொட்டி என் இடம். பிரசங்கம் நீண்டால் அவர் கொட்டாவி எனக்குக் கேட்கும்.

வெள்ளி, 11

மழை விட்டுவிட்டு. பஸ் லேட்.

பாஸ்டரிடம் கத்திவிட்டேன்.

"கமிட்டி முடிவுங்க சிஸ்டர். அண்ணன் உள்ள வந்து உக்காரட்டும். யாரு வேண்டாங்கறா?"

"வரமாட்டாருன்னு தெரிஞ்சுதானுங்க சொல்றீங்க?"

பாஸ்டர் மேசைமேல் இல்லாத தூசியைத் துடைத்தார்.

மத்தியானம் மரக்கதவைக் கழற்றிவிட்டு அடைத்தே விட்டார்கள். ஒற்றை வரிசைச் செங்கல். கலவையைப் பார்த்தேன். முக்கால்வாசி மணல், சிமெண்ட் பேருக்கு. சாயங்காலம் மழை வேறு அதை ஊறவைத்தது. நல்லா வேணும்.

ஒரு மனுசன் உட்கார்ந்து கேட்டது யாருக்கு என்ன பாரம்?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உடு கண்ணு. நா வண்டிகிட்ட நிக்கறேன்." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

வாங்க வேண்டியது: தேங்காய், சோப்பு, தைலம்.

ஞாயிறு, 13

மூடுபனி. உள்ளே ஏசி. சபை முழுக்கச் சால்வைக்குள். முதல் தும்மல் செயலாளருடையது. பக்கத்தில் வெறும் செங்கல்லைப் பார்த்தபடி எனக்குப் பாட்டே வரவில்லை. பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

வண்டிகிட்ட ஆளைக் காணோம். அதே கல்லில், அடைத்த சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணுமே கேக்கல புள்ள."

அவ்வளவுதான். எனக்குத் தாங்கவில்லை.

"ஏனுங்க, வண்டிச் சாவியக் குடுங்க."

சாவியால் கலவையைக் கீறினேன். ஈரமணலாக உதிர்ந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார்.

"மேல உடு. கீழ ரெண்டாவது கல்லத் தொடு, ஆடுது."

இரண்டு பேருமாகத் தள்ளினோம். உள்ளே புது டைல்ஸ் மேல் போய் விழுந்தது. டைல்ஸ் உடைந்த சத்தம் நன்றாகவே கேட்டது. பாட்டு நின்றுவிட்டது. ஓட்டையில் செயலாளர் முகம்.

இவர் துண்டை உதறித் தோளில் போட்டு, கல்லில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ம், பாடுங்க."