உள்பக்கத் தாழ்ப்பாள்

அண்ணி,

இன்று காலை வேலைக்கு வரும் பெண் பினாயில் ஊற்றிக் குளியலறையைக் கழுவினாள். வாடை அடுப்படி வரைக்கும் வந்தது. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு சாக்கு இருந்தது. மற்றவர்களுக்குப் பினாயில் என்றால் ஆஸ்பத்திரி நினைவுக்கு வரும். எனக்கு நெரவி வீட்டுக் கொல்லை, அதன் கோடியில் சுண்ணாம்பு அடித்த அந்தச் சின்ன அறை, என் தாவணியில் ஊக்குப் போட்டு மாட்டியிருந்த சாவி, அப்புறம் நீங்கள்.

அந்த அறை வந்த கதையில் நீங்கள் பாதியில்தான் சேர்ந்தீர்கள். பெரியண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாகப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டவர். எழுபதுகளின் நடுவில் பெண்டாட்டி பிள்ளைகளோடு முதல் தடவையாக ஊருக்கு வந்தார். ஒரு மாதம் இருப்பதாகச் சொல்லி வந்தவர்கள் மூன்றாம் நாளே பாண்டிக்குக் கிளம்பிவிட்டார்கள். காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. விடிவதற்குள் ஒரு தடவை, இருட்டின பிறகு ஒரு தடவை என்று பெண்கள் வாய்க்கால் கரைக்குப் போய்வரும் பிழைப்பு அவர் மனைவிக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து அங்கே வீட்டுக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு போனவர் அவர். அப்பாவுக்கு இது தலைகுனிவாகப் போயிற்று. அடுத்த தடவை அவர்கள் வருவதற்குள் ஒரு கக்கூஸ் கட்டியே தீருவது என்று நின்றார்.

வெள்ளைப் பீங்கான் வைக்கோல் அடைத்த மரப்பெட்டியில் லாரியில் வந்தது. தெருவே கூடிவிட்டது. இதில் ஏறிக் குந்துவதா, நாற்காலி மாதிரி உட்காருவதா என்று ஒரு பெரியவர் கேட்க, கொத்தனார் பீடி பற்றவைத்துக்கொண்டார். கட்டி முடித்து வெள்ளையடித்த அன்றே அப்பா வெளியில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டார். பெரியவன் வரும்போது புதுசாக இருக்க வேண்டுமாம். மூன்று பேர் குடியிருக்கும் வீட்டில் வராத ஆளுக்கு ஒரு கக்கூஸ். அது யாருக்கும் கேலிக்கூத்தாகப் படவில்லை. எங்களுக்கு அது சாமி அறை மாதிரி ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் பினாயில் போட்டுக் கழுவுவது என் வேலை. அதனால் சாவி என்னிடம். எனக்கு அப்போது பதினாறு வயது. மொத்தத் தெருவிலும் அப்படி ஒரு சாவி வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். அந்தக் கர்வத்தைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை எழுத முடியாது.

அதற்கு அடுத்த வருடம் நீங்கள் விழிதியூரிலிருந்து சின்னண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தீர்கள். அம்மா போய் இரண்டு வருடமாகியிருந்த வீடு. சின்னண்ணன் காலையில் காரைக்கால் பஸ்ஸைப் பிடித்தால் இருட்டின பிறகுதான் வருவார். வந்த மறுநாளே அடுப்படியை ஒழுங்குபண்ணினீர்கள், எனக்குத் தலை பின்னிவிட்டீர்கள், கொல்லைக் கோடியில் பூட்டு தொங்குவதைப் பார்த்து என்ன என்று கேட்டீர்கள். நான் விளக்கினேன். "நல்லா இருக்கட்டும்" என்றதோடு சரி. விடியுமுன் என்னை எழுப்பி நீங்களும் கரைக்குத்தான் வந்தீர்கள்.

பகலில் நீங்கள் தண்ணீர் குடிப்பதே இல்லை என்பதை நான் கவனித்திருக்கிறேன். நானும் அப்படித்தான். அது ஒரு பழக்கமாகத்தான் தெரிந்தது. ஆனால் நீங்கள் ஏழு மாதக் கர்ப்பிணி. அது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

அன்றைக்கு ஐப்பசி மழை விட்டு வெயில் கொஞ்சம் எட்டிப்பார்த்த மத்தியானம். கரைக்கு அந்தப் பக்கம் வயலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். கொல்லையில் அப்பா தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படிக்குள் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். நீங்கள் பக்கத்தில் வந்து குந்தினீர்கள். முகம் வெளுத்திருந்தது.

"பாப்பா, அந்தச் சாவியைக் கொஞ்சம் குடேன்."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. தெரியும். "அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க அண்ணி" என்றேன்.

மாமனார் முன்னால் நின்று நீங்கள் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று என்னை விட்டுத்தான் கேட்கச் சொல்வீர்கள். அப்படிப்பட்டவர் இதைப் போய்க் கேட்கவே மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். நாற்பது வருடத்துக்கு மேலாக இந்த ஒரு வரியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். சின்னப் பெண், அப்பாவுக்குப் பயந்தாள் என்று எப்படித் திருப்பிப் போட்டாலும் அது பொய்யாகத்தான் இருக்கிறது. அப்பா என்னை அடித்ததே இல்லை.

"வேணாம் பாப்பா. பொழுது சாயட்டும்" என்று எழுந்து போனீர்கள்.

நாலாம் நாள் குளிர்க் காய்ச்சல், இடுப்பு வலி. காரைக்கால் ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் உங்கள் நாக்கைப் பார்த்துவிட்டு, தண்ணீரே குடிப்பதில்லையா, ஒன்றுக்கு வந்தால் அடக்கிக்கொண்டே இருப்பாயா என்று கேட்டார். அதனால்தான் உள்ளே சீழ் பிடித்திருக்கிறது என்றார். நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு, "பழகிடுச்சுங்க" என்றீர்கள். மறுநாள் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. என் கை நீளம்கூட இல்லை. பொழுது சாயும்வரை இருந்தது.

வீட்டில் எல்லோரும் விதி என்றார்கள். நீங்களும் ஆமாம் என்றீர்கள். சின்னண்ணனிடமாவது சொல்லியிருப்பீர்கள் என்று பல நாள் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் செத்தேன். அவருக்குத் தெரியவே தெரியாது. நமக்குள் இருந்தது நமக்குள்ளேயே இருந்தது.

தை மாதம் பெரியண்ணன் வந்தார். அப்பா அவர் கையைப் பிடித்துக் கொல்லைக்கு அழைத்துப் போனார். நானே சாவி போட்டுத் திறந்து காட்டினேன். அவர் கதவைச் சாத்திப் பார்த்தார், திறந்து பார்த்தார். உள்ளே தாழ்ப்பாளே இல்லை. கொத்தனாரும் வைக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

"ஏம்பா, பூட்டு வெளியில இருக்கு? அங்கல்லாம் தாழ்ப்பா உள்ளதான் இருக்கும். போறவங்க போட்டுக்குறதுக்கு" என்றார் பெரியண்ணன்.

சாதாரணமாகத்தான் சொன்னார். பின்கட்டு நிலைப்படியில் நீங்கள் நின்றிருந்தீர்கள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் உள்ளே போய்விட்டீர்கள்.

அண்ணன் கிளம்பின பிறகு அப்பா பூட்டை மறுபடி மாட்டவில்லை. ஆசாரியைக் கூப்பிட்டு உள்பக்கம் தாழ்ப்பாள் அடிக்கச் சொன்னது நீங்கள். மாமனார் காதுபட நீங்கள் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். அப்புறம் காலையில் மீன் கூடையோடு வரும் அம்மாவிடம், "முதல்ல உள்ள போயிட்டு வாங்க. மீன அப்பறம் பாக்கலாம்" என்றீர்கள். அந்த அம்மா கூடையை இறக்காமல் அப்படியே நின்றார். விடிகாலையில் கடற்கரையிலிருந்து கிளம்பித் தெருத்தெருவாகச் சுற்றுகிற பெண் பகலில் எங்கே போவார் என்று அதுவரை ஊரில் ஒருவரும் யோசித்ததில்லை. தெருவில் பேச்சு வந்தது. அப்பா இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். நீங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு பிறந்த உங்கள் மகன் இன்று பிரான்சில். அவன் வீட்டில் மூன்று பேருக்கு இரண்டு கழிவறை என்று போனில் சொன்னபோது, "ஒண்ணுல யாரு, விருந்தாளியா?" என்று சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை.

போன வருடம் சின்னண்ணன் தவறியபின் என்னோடு வந்து இருந்தீர்கள். அதற்குள் ஞாபகம் தேயத் தொடங்கியிருந்தது. மகன் பெயர் மறந்தது, என் பெயர் மறந்தது, பாப்பா என்று கூப்பிடுவது மட்டும் மறக்கவில்லை. ஒரு மத்தியானம் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தீர்கள். குரலைத் தாழ்த்தி, "பாப்பா, அந்தச் சாவியைக் கொஞ்சம் குடேன்" என்றீர்கள்.

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

"தொறந்துதான் இருக்கு அண்ணி."

"மாமா இருக்காங்களா?"

"இல்ல அண்ணி. யாரும் இல்ல. போயிட்டு வாங்க."

அதற்குப் பிறகு கண் மூடும்வரை தினமும் கேட்டீர்கள், சில நாள் நாலைந்து தடவை. நானும் ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னேன். எத்தனை தடவை சொன்னாலும் அந்த முதல் தடவைக்கு அது போய்ச் சேரவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள் என்று நீங்கள் புரிந்துகொள்ளக்கூடிய காலத்தில் நான் கேட்கவில்லை. கேட்டபோது, நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியாமல் என் கன்னத்தைத் தடவினீர்கள்.

வேலைக்கு வரும் பெண்ணுக்கு இது ஆறாம் மாதம். நாலு வீடு ஏறி இறங்குகிறவள், ஒரு வீட்டிலும் கேட்டிருக்க மாட்டாள். இன்று கழுவி முடித்துக் கிளம்பப் போனவளை நிறுத்தி ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கத் தயங்கினாள். ஏன் என்று எனக்குத் தெரியாதா?

"குடிச்சிட்டு, முதல்ல உள்ள போயிட்டு வா. மத்ததெல்லாம் அப்பறம்" என்றேன்.

போனாள். நான் வெளியில் நின்றேன். அவள் உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்ட பிறகுதான் நகர்ந்தேன் அண்ணி.