ஆதரவு முடிகிறது

2011 ஏப்ரல் 28, வியாழன், காலை 10:40. மொத்தம் பன்னிரண்டு கணினிகள். புதுப்பித்து முடித்தது ஆறு. ஏழாவதின் கேபிளைக் கழற்றத் திருப்பினேன். பின்பக்கத்தில் மஞ்சள் ஒட்டுநாடா, அதில் உன் கோணல் எழுத்து: "ஜூலை வரைக்கும் இதைத் தொடாதீங்க." இரண்டு வருடத் தூசி படிந்தும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. வேலையை நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன். நீ இல்லாமல் போன இந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு உனக்கு எழுத வேண்டுமென்று நினைத்ததுண்டு. நேரம் இல்லை என்று எனக்கே பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நினைவிருக்கிறதா, 2009 மே மாதம், ஸ்காபரோவில் இதே சனசமூக நிலையம். இதே பன்னிரண்டு பெட்டிகள். நான் பொறுப்பு, நீ மில்லிக்கனிலிருந்து சனிக்கிழமைகளில் காரோட்டி வரும் தொண்டன். கோயம்புத்தூர்க்காரன். ஒரே வயதுதான், ஆனாலும் எனக்கும் 'ங்க' போடுவாய். "ஏன்டா எனக்கும் மரியாதை?" என்று கேட்டேன். "எங்கூர்ல நாய்க்கும் போடுவோமுங்க. பெருசா எடுத்துக்காதீங்க" என்றாய்.

அந்தப் பெட்டிகளில் ஓடிய இலவச இயங்குதளத்தின் ஒவ்வொரு பதிப்புக்கும் வெளிவந்த நாளிலிருந்து மூன்று வருடம் திருத்தங்கள் வரும். அப்புறம் நின்றுவிடும். நின்ற பிறகும் ஓட்டினால் ஓடும். ஓட்டை விழுந்தால் அடைக்க ஆளிருக்காது. எங்களுடையதற்கு ஜூலை நடுப்பகுதி கெடு. நான் கடைசி நேரக்காரன் அல்ல. மே மாத நீண்ட வார இறுதியின் திங்கட்கிழமை நிலையம் பூட்டியிருக்கும். அன்றே பன்னிரண்டையும் அழித்துப் புதிதாகப் போடுவது என்று அட்டவணை போட்டேன். வாசலில் பெரிய எழுத்தில் அறிவிப்பும் ஒட்டினேன்: "ஆதரவு முடிகிறது. திங்கள் முதல் மாற்றம்."

அது வன்னியில் போர் உச்சத்திலிருந்த மாதம் என்று யோசித்தேனா? இல்லை. ஒரு மணித்தியாலத்தில் வாசலில் பத்துப் பேர். போரை நிறுத்தச் சொல்லும் ஊர்வலத்துக்குப் போய்விட்டு வந்த ஒரு அண்ணை தாளைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"தம்பி, உதென்ன எழுதி வைச்சிருக்கிறீர்? ஆரின்ரை ஆதரவு முடியுது? ஆர் சொன்னது?"

"அண்ணை, உது கொம்பியூட்டருக்கு. ஒப்பரேட்டிங் சிஸ்டம்."

"எந்தச் சிஸ்டம் எண்டாலும் இப்ப உந்தச் சொல்லு வேண்டாம்."

நீ மேசைக்கடியில் குனிந்து சிரிப்பை விழுங்கினாய். பிறகு நீயே புதுத்தாள் எடுத்து, எல்லாருக்கும் விளங்கட்டும் என்று எழுதினாய்: "ஜூலைக்குப் பிறகு இந்தக் கணினிகளுக்கு மருந்து வராது." அண்ணை அதைப் படித்தார். உன்னைப் பார்த்தார். "நீரும் வேண்டாம், உம்மடை மருந்தும் வேண்டாம்" என்றார். வன்னிக்கு உண்மையாகவே மருந்து போகாத நாட்கள் அவை என்பது அப்போதுதான் உனக்கு உறைத்தது, காது சிவந்துவிட்டது. மூன்றாவது தாளை அண்ணையே எழுதினார்: "கணினி திருத்தவேலை." இரண்டு சொல். பிழை சொல்ல ஒன்றுமில்லை.

அந்தத் திங்கட்கிழமைதான் எல்லாம் முடிந்துவிட்டது என்ற செய்தி வந்தது. நாம் கதவைப் பூட்டிக்கொண்டு வேலை தொடங்கியிருந்தோம். சனம் வந்து தட்டியது. திறந்தோம். வந்தவர்களில் ஒரு அன்ரி நேராக ஏழாம் இலக்கத்தில் போய் இருந்தார். வன்னியில் அகப்பட்டிருந்த தங்கச்சி குடும்பத்தைப் பற்றி வவுனியாவிலிருக்கும் உறவினர் மெயில் போடுவதாகச் சொல்லியிருந்தாராம். நான் அட்டவணையைக் காட்டினேன்.

"அன்ரி, மெயில் இந்தப் பெட்டிக்குள்ளை இல்லை. எந்தப் பெட்டியிலும் பாக்கலாம். இதை இண்டைக்கு அழிக்கவேணும்."

"அது உமக்குத் தெரியும், தம்பி. எனக்கு இதுக்குள்ளைதான் வாறது."

நான் இன்னொரு தடவை விளக்க வாயெடுத்தேன். நீ என் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தாய்.

"தேதி ஜூலைலதானுங்களே? இன்னைக்கே ஏனுங்க புடுங்கோணும்?"

"பன்னிரண்டும் ஒரே மாதிரி இருக்கவேணும். ஒண்டு மட்டும் பழசா இருந்தா ஆர் பாக்கிறது?"

"நான் பாக்கறனுங்க. தினமும் வாறனுங்க. கெடு நாளைக்கு முந்தின நாள் நீங்க சொன்னா நானே அழிச்சர்றேன்."

எனக்கு எரிச்சல். ஆனால் அந்த அன்ரியின் கை மவுஸின் மேல் இருந்த விதத்தைப் பார்த்தேன். ஒரு குருவியை மூடிப் பிடித்திருப்பது போல. விட்டுவிட்டேன். அட்டவணையில் ஏழுக்கு எதிரே கேள்விக்குறி போட்டேன். என் வாழ்க்கையில் அட்டவணையில் போட்ட முதல் கேள்விக்குறி அதுதான்.

சொன்னபடி ஒவ்வொரு நாளும் வந்தாய். வேலை முடிந்து, நெடுஞ்சாலை நெரிசலைக் கடந்து. அன்ரி ஐந்து மணிக்கு வருவார், மெயிலைப் புதுப்பிக்கும் பச்சை வட்டத்தை அமத்துவார், ஒன்றுமில்லை என்று போவார். ஜூலை முதல் வாரத்தில் ஒருநாள் போகவில்லை. திரையைப் பார்த்தபடியே உரக்க வாசித்தார்: "நாங்கள் நாலு பேரும் இருக்கிறம்."

நீ ஆர்வமாகக் கேட்டாய்: "எங்க இருக்காங்களாமுங்க?"

"எங்கை எண்டில்லை, தம்பி. இருக்கினமாம்."

அது விளங்க உனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் நீ வெளியே போய்க் கார்த் தரிப்பிடத்தில் இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்தாய். அடுத்தநாள் அன்ரி ஒரு தட்டு ரோல்ஸ் கொண்டுவந்தார். உறைப்பில் உனக்குக் கண்ணீர் வந்தது, ஆனாலும் ஏழு சாப்பிட்டாய். பிறகு பெட்டியை அழித்தாய். "ஒம்போது நாள் மிச்சமுங்க. உங்க அட்டவணைக்கு ஒண்ணும் ஆகல" என்றாய். நான் ஏழுக்கு எதிரே இருந்த கேள்விக்குறியை அழித்துச் சரி போட்டேன்.

அன்று நீ போட்ட பதிப்புக்கும் இப்போது கெடு வந்துவிட்டது. இரண்டு வாரம் இருக்கிறது. இனிச் செய்யப்போவது:

1. மிச்சம் ஆறில் ஐந்தை இன்று முடிப்பேன்.

2. மிச்சமாகும் ஒன்றை இப்போதைக்குத் தொடமாட்டேன். ஒஷாவாவிலிருந்து வரும் ஒருவர் அதில் மனைவியைக் கூப்பிடுவதற்கான குடிவரவுப் படிவத்தைப் பாதியில் வைத்திருக்கிறார். கேட்டுத்தான் தெரிந்தது. முந்தி நான் கேட்பதில்லை.

3. அவர் முடிக்காவிட்டால், கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு பக்கத்தில் இருந்து நிரப்ப உதவுவேன். அவசரப்படுத்த மாட்டேன். முயல்வேன்.

4. புதிய பதிப்பின் கெடு 2013 வசந்தம். அட்டவணையில் அந்தத் தேதிக்கு எதிரே பொறுப்பாளர் என்ற இடத்தில் இரண்டு பேரின் பெயர் எழுதுவேன். மென்பொருளுக்கு முடிவுத் தேதி முன்கூட்டியே சொல்கிறார்கள், ஆளுக்கு அப்படிச் சொல்வதில்லை.