மட்டையை வீசும் கை

அன்பு மகனுக்கு, அப்பா சொல்லச் சொல்ல எதிர்வீட்டுத் தையல்காரர் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை.

ஆற்றுப் பாலம் நடுவில் உடைந்து, ஊரே மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற வருஷம். நீ பிறக்க இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அந்த வருஷத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை உன் முதலாளி கோல்ஃப் ஆடக் கூப்பிட்டிருக்கிறார், மருமகளும் பக்கத்தில் நின்று பார்க்கப் போகிறாள், பேஸ்பால் மட்டை பிடித்த கைக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று எழுதியிருந்தாய். தையல்காரர் அதைப் படித்துக் காட்டியதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "அவன் என்ன சண்டைக்கா போறான், பந்து அடிக்கத்தானே போறான்" என்று உன் அம்மா சிரிக்கிறாள். அவளுக்குத் தெரியாது. அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து எழுதச் சொல்கிறேன்.

பேஸ்பாலில் பந்து உன்னைத் தேடி வரும். முன்காலை எடுத்து வைத்து, நெஞ்சு உயரத்தில் குறுக்கே வீசுவாய். கோல்ஃபில் பந்து தரையில் சும்மா கிடக்கும், அவசரமே இல்லை. கால் ஊன்றி நிற்கவேண்டும், தலை அசையக்கூடாது. இடுப்பு திரும்ப, கோல் தோளுக்கு மேலிருந்து சாய்வாக இறங்கவேண்டும். இதெல்லாம் தப்பினால் பந்துதான் புதருக்குள் போகும், போகட்டும்.

என் பயம் அதற்கு அப்புறம். பேஸ்பாலில் அடித்த உடனே மட்டையை வீசிவிட்டு ஓடுவாய். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும்.

அந்த வருஷம் ஒரு நாள், கோல்ஃப் மைதானத்தில் நாலு பேர். மில் மேனேஜர், அவரோடு ஆட வந்த டாக்டர், அவர்களுடைய கோல் பையைத் தூக்கிய உன் பெரியப்பா, மில்லின் பேஸ்பால் அணியில் பேர் வாங்கிய அடிக்காரன் ஒருவன். "பெரிய அடிக்காரனாமே, எங்க, ஒண்ணு அடி பாப்போம்" என்று மேனேஜர் கோலை நீட்டினார். "தரையில கெடக்கிற பந்துப்பா, ஓடிப்போகாது" என்று பெரியப்பா கேலி செய்தார். பத்தடி தள்ளி இடது பக்கம் நின்றார், நீல முண்டாசு கட்டியிருந்தார்.

அடி சுத்தமாக விழுந்தது. பந்து பறந்தது. அவன் கோலை வீசிவிட்டு இரண்டு எட்டு ஓடியும் விட்டான். பின்னால் சத்தம் கேட்டுத்தான் திரும்பினான். கோலின் இரும்புத் தலை பெரியப்பாவின் நெற்றிப் பொட்டில் பட்டிருந்தது.

வழுக்கிக் கல்லில் விழுந்தார் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். நீ கேட்டு வளர்ந்ததும் அந்தக் கதைதான்.

"அப்ப நீங்க எங்க நின்னீங்க பெரியவரே?" என்று தையல்காரர் பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்கிறார். எழுதுங்கள், அதற்குத்தான் வருகிறேன் என்றேன்.

ராசா, மருமகளைத் தூரமாக, மரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொல். அடித்து முடித்தாலும் பிடியை விடாதே. பந்து விழுந்து உருண்டு நிற்கும்வரை இரண்டு கையும் கோலிலேயே இருக்கட்டும். நீங்கள் இரண்டு பேரும் நூறு வயசு இருக்கவேண்டும்.

பெரியப்பா அன்றே போனார். மேனேஜர் போய்ப் பத்து வருஷம். டாக்டர் போன மழைக்காலத்தில் போனார். நாலு பேரில் மிச்சம் இருப்பவன், அன்று கோலை வீசியவன்,

உன் அப்பா.