வெயில் வருமுன் பிறந்தவன்

மாமா,

இன்று காலை பேத்தியின் அறை ஜன்னல் திரையில் ஓர் ஓட்டையைப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டி பொசுக்கிய ஓட்டை, மிளகு அளவுதான் இருக்கும். அதன் வழியாக வெயில் உள்ளே வந்து எதிர்ச் சுவரில் வட்டமாக விழுந்தது. மெல்ல மெல்லக் கீழே இறங்கித் தொட்டிலுக்குள் போய், குழந்தையின் பாதத்தில் உட்கார்ந்துகொண்டது. பிறந்து இருபது நாள்கூட ஆகாத குழந்தை. கால் விரல்களை ஒருமுறை மடக்கி விரித்தது. நான் கஞ்சி டம்ளரோடு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

எத்தனை நேரம் நின்றேனோ தெரியாது. இந்த அபிராமபுரத்து வீடு கரைந்து போய், நம் மயிலாப்பூர் வீட்டு வாசனை வந்துவிட்டது. உங்கள் அலமாரியைத் திறந்தால் வருமே, விபூதியும் மையும் மஞ்சள் தடவிய காகிதமும் கலந்த வாசனை, அதுதான். நீங்கள் போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. உங்களுக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. மருமகள் மாமனாருக்குக் கடிதம் எழுதுகிற வழக்கம் நம் வீட்டில் ஏது? ஆனால் ஐந்தாவது வரை படித்தவள் நான். எழுத வரும். எழுதுகிறேன்.

உங்களுக்கு நினைவிருக்கிறதா, யுத்த சமயத்தில் சர்க்கார் எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கச் சொன்னது? ஊரே தள்ளி வைத்தது. ரயில், ஆபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாமே புது நேரம். நம் வீட்டுக் கூடத்துக் கடிகாரத்தின் மேல் மட்டும் உங்கள் மகன் கை வைக்கப் போனபோது, "தொடாதே" என்று ஒரு சத்தம் போட்டீர்கள். அவர் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சமயம்.

"சர்க்கார் சொன்னா சூரியன் கேப்பானா? அவன் என்ன அவங்க குமாஸ்தாவா? இந்த வீட்டுல சூரியன் மணிதான்" என்றீர்கள்.

அத்தை சமையலறையிலிருந்து, "ஆமா, சூரியன் வந்துதான் இவருக்கு ரேஷன் வாங்கிக் குடுக்கப் போறான். நேத்தே ஒரு மணி லேட்டாப் போய் அரிசி தீந்துபோச்சு" என்றது. நான் புடவைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தேன்.

அப்படியாக நம் வீட்டுக்குள் ஒரு நேரம், வாசல்படி தாண்டினால் வேறு நேரம். அது எனக்குப் பிடித்திருந்தது. ஊரைவிட ஒரு மணி நேரம் பின்னால் மிதந்துகொண்டிருக்கிற தோணி மாதிரி நம் வீடு.

உங்களுக்குத் தொழில் ஜோசியம் இல்லை. கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் தெரிந்தவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் ஜாதகம் கணிப்பது நீங்கள்தான். கைநீட்டி ஒன்றும் வாங்கமாட்டீர்கள். விடிகாலையில் மொட்டைமாடியில் செம்பு நீரோடு நின்று சூரியனைக் கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால், யாரிடம் என்று இல்லை, சுவரிடம் பேசுகிற மாதிரி பேசுவீர்கள். நான் கதவுக்குப் பின்னால் அரிசி பொறுக்கிக்கொண்டே கேட்பேன். சூரியன் ஆத்மா, சந்திரன் மனசு. சூரியன் ராஜா. கண்ணும் எலும்பும் அவன் கொடுப்பது. மாதத்துக்கு ஒரு வீடாகப் பன்னிரண்டு வீடும் சுற்றி வருவான். சித்திரையில் உச்சம், ஐப்பசியில் நீசம், ஆவணியில் சிம்மத்தில், அவன் சொந்த வீட்டில் இருப்பான். ஜாதகத்தில் அப்பாவைப் பார்க்கவேண்டும் என்றால் சூரியனைப் பார்க்கவேண்டும். இன்னொன்றும் சொல்வீர்கள், கொஞ்சம் பெருமையாக, உங்களையே சொல்லிக்கொள்கிற மாதிரி: "செவ்வாய், புதன், குரு எல்லாம் சில சமயம் வந்த வழியே திரும்பிப் போகும். சூரியன் மட்டும் ஒருநாளும் பின்னால போகமாட்டான்."

ஆவணிக் கடைசியில் எனக்கு வலி எடுத்தது. அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் எனக்குத் தாய்வீடு கிடையாது, பிரசவமும் உங்கள் பொறுப்புதான். அத்தை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது. குண்டு போடுவார்கள் என்ற பயத்தில் அங்கே ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். விளக்குக்கும் கறுப்புத் தொப்பி. இருட்டில் வலித்து இருட்டிலேயே பெற்றேன். பையன். நர்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு சீட்டில் எழுதினாள்: சனிக்கிழமை காலை ஆறு முப்பத்தைந்து. குழந்தையைக் குளிப்பாட்டி, பழைய புடவையில் சுற்றி, என் பக்கத்தில் கிடத்தினார்கள். அப்புறம்தான் அது வந்தது. கறுப்புக் காகிதத்தில் எங்கேயோ ஒரு கிழிசல். அதன் வழியாக வெயில், ஒரு பொட்டு. சுவரில் விழுந்து, கட்டிலுக்கு இறங்கி, அவன் பாதத்தில் நின்றது. அவனும் விரலை மடக்கி விரித்தான். பிறந்தவனைப் பார்க்க அவன் அப்பா வரவில்லை, வெயில் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அரைமயக்கம்தான். ஆனாலும் பார்த்தது பார்த்ததுதான்.

அந்தச் சீட்டை வைத்து நீங்கள் ஜாதகம் எழுதினீர்கள். எழுதியபின் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பர்மா எல்லைப் பக்கம் போன உங்கள் மகனிடமிருந்து கடிதம் நின்று நாலு மாதம் ஆகியிருந்தது. தபால்காரன் தெருவைத் தாண்டிப் போகும் வரை நீங்கள் செய்தித்தாளைத் தலைகீழாக வைத்திருந்தாலும் தெரியாது உங்களுக்கு. மூன்றாம் நாள் அத்தையிடம் தாழ்ந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது. "கன்னி லக்னம். பன்னிரண்டுல சூரியன். சொந்த வீட்டுல இருந்தும் மறைஞ்சு உட்கார்ந்திருக்கான். அப்பனும் பிள்ளையும் ஒரு கூரையடியில கூடாது."

சைதாப்பேட்டையிலிருந்து அத்தையின் தங்கை வந்தது. சின்னத்தைக்குப் பிள்ளை இல்லை. நல்ல மனுஷி, கைநிறைய வெல்லப் பணியாரம் கொண்டுவந்தது.

"இன்னாக்கா, மெய்யாலுமா அப்படிக் கீது ஜாதகத்துல?" என்று கேட்டுவிட்டு, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு விடவே இல்லை. "எங்கிட்ட குடுத்துடு. தத்துன்னு எழுதிக்கலாம். அங்க பட்டாளத்துல உன் புள்ள நல்லா இருப்பான், எங்க வீட்ல இவன் நல்லா இருப்பான்."

அத்தை என்னைப் பார்க்காமல் சொன்னது: "உனக்கு இன்னும் பிறக்கும்டி. எனக்கு இருக்கிறது ஒரே பிள்ளை."

அந்தச் சொல்லுக்கு நான் இன்றுவரை கோபப்பட்டதில்லை. என் பிள்ளைக்காக நான் என்ன செய்வேனோ, அதைத்தானே அதுவும் செய்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கொடுப்பது என்று முடிவாயிற்று. சூரியனுடைய கிழமை, பரிகாரத்துக்கு உகந்தது என்று நீங்கள்தான் நாள் சொன்னீர்கள்.

வெள்ளிக்கிழமை நீங்கள் குளிக்கப் போயிருந்தபோது அந்த ஜாதகத்தை எடுத்துப் பார்த்தேன். கட்டங்கள் எனக்கு விளங்காது. ஆனால் மேலே எழுதியிருந்த வரியை எழுத்துக்கூட்டாமலே படித்தேன்: சூரிய உதயத்துக்கு மேல் நாழிகை ஒன்றரை. ஒன்றரை நாழிகை என்றால் அரை மணிக்குக் கொஞ்சம் மேல். திரும்பப் படித்தேன். உதயத்துக்கு மேலா? வெயில் இவனுக்கு அப்புறம் அல்லவா வந்தது?

விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். பள்ளிக்கூடத்தில் மணிக் கணக்கு என்றால் நான்தான் முதல் கை தூக்குவேன். ஆஸ்பத்திரிக் கடிகாரம் ஆறு முப்பத்தைந்து. அது சர்க்கார் நேரம். ஒரு மணி கழித்தால் நம் வீட்டு நேரம் ஐந்து முப்பத்தைந்து. பஞ்சாங்கத்தில் உதயம் ஆறு மணி சுமாருக்கு. யுத்த நேரத்தை வாசலுக்குள் விடமாட்டேன் என்றவர் நீங்கள். அது ஒரு சீட்டில் மடிந்து உங்கள் கைக்குள்ளேயே வந்துவிட்டது. வீட்டில் எல்லாம் சூரியன் மணி என்ற பழக்கத்தில், சீட்டையும் சூரியன் மணியாகவே எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்.

நீங்கள் குளித்துவிட்டு வந்தீர்கள். கதவுக்குப் பின்னாலேயே நின்றவள், அதுவரை உங்களிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று கதவை விட்டு வெளியே வந்தேன்.

"மாமா, இவன் வெயிலுக்கு முந்தி பிறந்தான்."

"என்னம்மா உளறுறே?"

"ஆஸ்பத்திரி மணி சர்க்கார் மணி. ஒரு மணி கழிக்கணும்."

நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் முதுகில் சுடுகிறது. "அஞ்சாங்கிளாஸ் படிச்சுட்டு எனக்குக் கணக்குச் சொல்ல வந்துட்டியா?" என்றீர்கள். அத்தை என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தது. போனேன். ஆனால் அன்று நீங்கள் சாப்பிடவில்லை.

மறுநாள் இருட்டோடு என் அறைக் கதவை நீங்கள் தட்டினீர்கள். "குழந்தையை எடுத்துக்கிட்டு மாடிக்கு வா."

அந்த மாடி எனக்கு இப்போதும் கனவில் வருகிறது. தென்னை மட்டைகள் கறுப்பாக அசைந்தன. கடல் காற்றில் உப்பு. தெருவே தெரியவில்லை, நாம் மூன்று பேரும் எதன் மேலோ மிதக்கிற மாதிரி இருந்தது. சாந்தோம் பக்கமிருந்து மாதா கோயில் மணி அடித்தது. சர்க்கார் நேரத்துக்கு ஆறு. உங்கள் கைக்கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினீர்கள். ஐந்து. வானத்தில் நட்சத்திரம் இருந்தது.

பிறகு முப்பத்தைந்து நிமிஷம். நீங்கள் கடிகாரத்தையும் கிழக்கையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். குழந்தை பால் குடித்துவிட்டு ஒரு ஏப்பம் விட்டான். விரலால் கடிகாரக் கண்ணாடியைத் தட்டினீர்கள். ஐந்து முப்பத்தைந்து. கிழக்கே சாம்பல் பூசிய மாதிரி ஒரு வெளுப்பு, அவ்வளவுதான். சூரியன் இல்லை. குளத்துப் பக்கம் காக்கை கத்தியது. இன்னும் காத்திருந்தோம். வெளுப்பு சிவந்தது, சிவப்பு பழுத்தது. கீழே கூடத்துக் கடிகாரம் ஆறு அடித்து ஓய்கிற நேரத்துக்குத் தென்னை மரங்களுக்கு நடுவே அவன் விளிம்பு தெரிந்தது.

செம்பு நீரை எடுக்க மறந்து நின்றீர்கள். வாய்க்குள் முணுமுணுத்தீர்கள்: "சிம்ம லக்னம். லக்னத்துலேயே சூரியன். சொந்த வீட்டுல, வாசல்ல நிக்கிறான்." பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். கண் நனைந்திருந்தது, வெயில் பார்த்ததாலோ என்னவோ.

"சூரியன்தாம்மா பின்னால போகமாட்டான். நான் சூரியன் இல்லையே."

கீழே இறங்கி வந்து பழைய ஜாதகத்தின் குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடு போட்டீர்கள். புதிதாகக் காகிதம் எடுத்து, மஞ்சள் தடவி, கட்டம் போட்டு, எல்லாம் எழுதி, பிறந்த நேரத்துக்கு மட்டும் இடம் விட்டு, பேனாவை என்னிடம் நீட்டினீர்கள். "பார்த்தவ நீ. நீயே எழுது." நாழிகைக் கணக்கெல்லாம் எனக்கு எழுத வராது என்றேன். "தெரிஞ்ச மாதிரி எழுது."

ஞாயிற்றுக்கிழமை சின்னத்தை ஜட்கா வண்டியில் வந்து இறங்கியது. நீங்களே வாசலுக்குப் போய், தப்பு என் பேரில் என்று எல்லார் காதும் கேட்கச் சொன்னீர்கள். சின்னத்தை அழுதது, பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ சனிக்கிழமைப் பையன் வெள்ளிக்கிழமைப் பையன் ஆயிட்டானா, மாமா?" என்று கேட்டது. "ஆமாம்மா, உதயத்துக்கு முந்தின்னா முதல் நாள் கணக்கு" என்றீர்கள். அவனுக்கென்று தைத்துக் கொண்டுவந்த குட்டிச் சட்டையை அது திருப்பி எடுத்துப் போகவில்லை. அவனுக்கே போட்டுவிட்டுப் போனது.

தை மாதம் உங்கள் மகனிடமிருந்து கடிதம் வந்தது, மலேரியாவில் படுத்திருந்தேன் என்று. ஜாதகம் மாறியதால் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லவில்லை. யுத்தம் முடிந்து சர்க்கார் கடிகாரத்தைப் பின்னால் திருப்பச் சொன்ன அன்று நம் கூடத்தில் ஒருவரும் ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை. "பார்த்தியா, எல்லாரும் நம்ம வீட்டுக்கே திரும்பி வந்துட்டாங்க" என்று நீங்கள் சிரித்தீர்கள். அப்புறம் சில மாதத்தில் உங்கள் மகனும் வந்தார், எலும்பும் தோலுமாக. பிள்ளை என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அப்பனும் பிள்ளையும் ஒரே கூரையடியில் இருந்தார்கள், முப்பத்தெட்டு வருஷம்.

அவன் இப்போது தாத்தா. அவன் மகள் பெற்றதுதான் தொட்டிலில் கிடப்பது. நேற்று கம்ப்யூட்டரில் ஜாதகம் எடுத்து வந்தார்கள். கோணல் இல்லாத கட்டம், மஞ்சள் வாசனை கிடையாது. "இவ வந்தப்போ வெளியில வெயில் வந்திருந்துச்சாடி?" என்று பேத்தியிடம் கேட்டேன். "ஏசி ரூம்ல எனக்கு எங்க பாட்டி தெரியும்? நேரம்தான் செகண்டு வரைக்கும் இருக்கே" என்றாள். சிரித்துக்கொண்டேன்.

எனக்கும் மூன்று மருமகள்கள் வந்தார்கள், மாமா. ஒவ்வொருத்தியும் என்னைவிடப் படித்தவள். நான் அவர்களிடம் தப்பாகப் பேசிவிட்டு, தப்பு என்று தெரிந்த பிறகும் வாய் பூட்டிக்கொண்டு நின்ற நேரங்கள் உண்டு. அப்போதெல்லாம் அந்த மாடி நினைவுக்கு வரும். போய்ச் சொல்லிவிடுவேன். அவர்களுக்குப் புரியாது, மாமியார் ஏன் மன்னிப்புக் கேட்கும்போது சூரியனை இழுக்கிறாள் என்று.

இதை எழுதும் முன் பெட்டியைத் திறந்து அந்த ஜாதகத்தை எடுத்துப் பார்த்தேன். மடித்த இடமெல்லாம் கிழிந்திருக்கிறது. உங்கள் எழுத்து வெளிறிவிட்டது. நடுவில் ஒரே ஒரு வரி குண்டு குண்டாக, கொஞ்சம் மேலேறிப் போகிறது. யார் எழுத்து பாட்டி என்று பேத்தி கேட்டாள். வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு படித்தாள்:

"வெயில் வருவதற்கு முன்னால் பிறந்தான். நான் பார்த்தேன்."