மேலிருந்து கீழாக ஒரு கோடு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் கைகாலோடு இருக்கிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீயும் உன் வீட்டுக்காரியும் சின்னவளும் சுகமாக இருக்க வேண்டும்.

முதலில் ஒன்று. இதை முழுதும் படித்து முடிக்கிற வரைக்கும் அங்கே வீட்டைக் காலி செய்வதாக யாரிடமும் வாய் விட்டுவிடாதே. சொல்லியிருந்தால் இன்றைக்கே போய், மனசு மாறிவிட்டது என்று சொல். நீ கிளம்புவதாக எழுதின மாதக் கடைசிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. போனில் சொல்லியிருக்கலாம்தான். பாதியில் நான் அழுவேன், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆறு வருஷம் கழித்து உன் கடிதம் வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டறையை மூடிவிட்டார்கள், மூன்று பேரும் வந்துவிடுகிறோம், என் பங்கில் நானே சோளம் போட்டுப் பிழைத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். உன் அத்தானை உட்கார வைத்து இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அவர் அன்றே பின்னறைக் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டார். நான் உனக்கு ஒரே வரியில், வா, எல்லாம் தயாராக இருக்கும் என்று பதில் போட்டேன். அந்த ஒரு வரியைத்தான் இப்போது திரும்பக் கேட்கிறேன்.

கோடையில் மலை உச்சியிலிருந்து தீ இறங்கினது உனக்குத் தெரியும். ரோடு குறுக்கே இருந்ததால் வீடு தப்பித்தது. சரிவு தப்பவில்லை. என் பக்கத்துச் சோளத்தட்டையும் போயிற்று, உன் பக்கத்துப் புதரும் போயிற்று.

அந்தப் புதரைப் பற்றி நான் உனக்கு எழுதினதெல்லாம் ஞாபகம் இருக்கும். எலி வருகிறது, பாம்பு வருகிறது, ஊரில் எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று வருஷா வருஷம் எழுதினேன். காடாகப் போட்டு வைக்கவா பங்கு கேட்டாய் என்று கடைசியில் எழுதினேன். அதற்குப் பிறகு நீ எழுதவே இல்லை. எழுதாதது சரிதான்.

பங்கு பிரித்ததையும் சொல்லிவிடுகிறேன். அப்பா போன பிறகு நீ குறுக்காகப் பிரிக்கலாம் என்றாய், மேல்பாதி ஒருவருக்கு, கீழ்பாதி ஒருவருக்கு, சீட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்றாய். எனக்கு மேல்பாதி விழுந்தால் கல்லைத்தானே உழ வேண்டும், என்னை இளிச்சவாய் என்று நினைத்தாயா என்று நான் குதித்தேன். நூல் பிடித்தாற்போல் மேலிருந்து கீழாகக் கோடு போட வைத்தேன். பதினொரு கல் நட்டோம். ஆளுக்கு முப்பது தப்படி அகலம். அந்த அகலத்தில் டிராக்டர் குறுக்கே திரும்பாது, ஏறி இறங்கித்தான் உழ முடியும். ஒவ்வொரு மழைக்கும் உழவுச்சாலோடு கொஞ்சம் மண் இறங்கிப் போகும். நான் பார்த்திருக்கிறேன். கடுகளவுதானே போகிறது என்று இருந்துவிட்டேன். உன் பக்கத்தில் போனதே இல்லை. அது புதரால்தான் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இனிதான் சொல்ல வந்ததைச் சொல்ல வேண்டும்.

நீ வந்து பார்க்கும்போது உன் பங்கு கறுப்பாகக் கிடக்கக் கூடாது என்று நினைத்தேன். வருஷா வருஷம் வாய்க்கு வந்ததை எழுதினவள், ஒரு நல்ல காரியமாவது செய்து வைப்போம் என்று தோன்றியது. டிராக்டர்காரரைக் கூப்பிட்டேன். நாம் 'அவசரம்' என்று பட்டப்பெயர் வைத்தோமே, அவரேதான். எதற்கும் பறக்கிற அந்த மனுஷன் அன்றைக்கு மட்டும், "எரிஞ்ச மண்ணு அக்கா. ஒரு மழை பாத்துட்டு உழலாமே" என்றார். நான் கேட்கவில்லை. எரிந்த தூர்களையெல்லாம் வேரோடு பிடுங்க வைத்தேன். சரிவில் குறுக்கே விழுந்து கிடந்த கட்டைகளை ஓரத்துக்கு உருட்டித் தள்ள வைத்தேன். மேலிருந்து கீழாக உழுது முடித்தபோது, எண்ணெய் வைத்து வாரிவிட்ட தலைபோல அவ்வளவு அழகாக இருந்தது. நீ வந்து பார்த்து அசந்துபோவாய் என்று நினைத்தேன் தம்பி.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் மழை பெய்தது. முக்கால் மணி நேரம்தான். தீ பட்ட மண் தண்ணீர் குடிக்காது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மேலே கொஞ்சம் நனைந்தது, கீழே உலர்ந்த மாவாகவே இருந்தது. விழுந்த தண்ணீர் அத்தனையும் சாலுக்குச் சால் ஓடியது. நான் சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். சாம்பலும் மண்ணுமாகக் கரைசல் ரோட்டைத் தாண்டிப் பின்வாசல் வழியாக உள்ளே வந்தது. உங்களுக்காக வெள்ளையடித்து வைத்த பின்னறையில் முழங்கால் அளவு சேறு. சின்னவளுக்கென்று வாங்கின மெத்தை அதற்குள்ளே கிடந்தது. ஊர்க் குடிநீர்க் குளத்திலும் நம் சேறுதான். குழாயைத் திறந்தால் இன்றைக்கும் பழுப்பாக வருகிறது. கடைக்காரர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மறுநாள் மேலே ஏறினோம். உன் பங்கில் மேல்பாதி முழுக்கப் பாறை. அப்பாவே பார்த்திராத பாறை. உன் அத்தான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையால் தடவித் தடவிப் பார்த்தார். "கைப்பிடி மண்ணு கூட இல்லையேம்மா" என்றார். முப்பது வருஷத்தில் அவர் என்னை அம்மா என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

மண் ஆய்வு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இரும்புக் கம்பியை அங்கங்கே குத்திப் பார்த்தாள். என் பங்கை இந்த வருஷம் இன்னும் உழவில்லை, அங்கே ஒரு சாண் இறங்கியது. உன் பங்கின் கீழ்ப்பாதியில் விரல்கடை ஆழம் கூட இறங்கவில்லை. "வேரு செத்திருந்தாலும் நாலு வருஷம் மண்ணைப் பிடிச்சு வச்சிருக்கும். குறுக்க கிடந்த கட்டையும் தண்ணிய மறிச்சிருக்கும். யாரு எடுக்கச் சொன்னது?" என்று கேட்டாள். கூட வந்திருந்த அவசரம் தரையைப் பார்த்தார். நான்தான் என்று இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். உன் நிலத்தைத் தீ கொண்டுபோகவில்லை, மழையும் கொண்டுபோகவில்லை. நான் கொண்டுபோனேன்.

போன மண் திரும்புமா என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். ஒரு அங்குலம் சேர நம் ஆயுசு போதாது என்றாள். மிச்சத்தை நிறுத்த வேண்டுமானால் சரிவுக்குக் குறுக்கே கல் அடுக்கி, வைக்கோல் பரப்ப வேண்டுமாம். இரண்டு பங்கையும் ஒன்றாக நினைத்தால்தான் அது நடக்குமாம். அன்றைக்கு நீ சொன்ன குறுக்குக் கோடுதான் தம்பி.

எல்லைக்கல் பதினொன்றில் ஒன்பது ரோட்டோரம் உருண்டு கிடந்தது. எடுத்துக்கொண்டு போய் முதல் வரிசையில் வைத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் வைத்ததற்கும் சேர்த்து மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். இதுவரை இரண்டு வரிசை ஆகியிருக்கிறது. உன் அத்தானுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அடுத்த மழைக்குள் இருபது வரிசை வேண்டும், நடக்காது. எனக்கே தெரிகிறது. ஆனாலும் விடிந்தால் போய் அடுக்குகிறேன். வீட்டுக்குள் இருக்க முடியவில்லை.

என் பங்கில் மிச்சமிருக்கிற அந்த ஒரு சாண் மண் இனி உன்னுடையது. அத்தானும் சரி என்றுவிட்டார். அதை நம்பி மூன்று பேர் பிழைக்க முடியாது. அதனால் வராதே. அங்கேயே வேறு வேலை பார். சின்னவளின் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடாதே. உன் வீட்டுக்காரியிடம் இதை மெதுவாகச் சொல், என் பெயரைச் சொல்லியே சொல்.

நீ நிற்கிற இடம் உனக்கு நிலைக்கட்டும். சின்னவள் நன்றாக இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மறுபடி ஆறு வருஷம் பேசாமல் இருந்துவிடாதே. அவ்வளவு காலம் எனக்கு இருக்குமோ தெரியாது. திட்டியாவது நாலு வரி எழுது.

இப்படிக்கு,
உன் அக்கா