ஏஸ் ஜோடியைக் கவிழ்த்த ஞாயிறு

தண்டர் பே,
பிப்ரவரி, ஞாயிறு மாலை

அன்புள்ள கிளென்னாவுக்கு,

இங்கே நலம். நீயும் அந்த மருத்துவ நிலையத்தில் உன்னோடு இருப்பவர்களும் நலமாக இருக்க வேண்டும். போனில் உன்னை ஒரு வாக்கியம்கூட முடிக்க விடுவதில்லை என்றுதானே, "எழுது ஈரோ, காகிதத்துல நீ குறுக்க வர முடியாதுல்ல" என்றாய்? எழுதுகிறேன். ஆனால் விஷயத்தைக் கடைசிப் பக்கம் வரை ஒளித்து வைக்க எனக்கு வராது. ஜெயித்துவிட்டேன். ஏப்ரலில் நயாகராவில் நடக்கும் போக்கர் போட்டியில் எனக்கு ஓர் இடம். நுழைவுக் கட்டணம், விமானச் செலவு, நான்கு நாள் ஹோட்டல் அறை எல்லாம் அவர்களுடையது.

முதலில் வீட்டுச் சேதி. சமையலறைக் குழாய் மறுபடி உறைந்தது. சூடாக்கும் கம்பியைச் சுற்றிவிட்டேன், இனி உறையாது. உன் காரை வாரம் ஒரு முறை ஓட்டி வைக்கிறேன். மில்லில் நீராவி அளவுமானி தப்புக் காட்டுகிறது. மேற்பார்வையாளர் அதைச் சாவியால் தட்டிப் பார்க்கிறார். தட்டாதீர்கள், அளந்து பாருங்கள் என்றேன். மூன்று நாளாக அவர் என்னோடு பேசுவதில்லை. வேலை நன்றாக நடக்கிறது.

உன் ஒப்பந்தத்தை இன்னொரு வருடம் நீட்டிக்கக் கேட்கிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று போன வாரம் சொன்னாய். அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எதுவும் எழுதப் போவதில்லை.

போக்கருக்கு வருகிறேன். செப்டம்பரில் விமானம் ஏறும்போது நீ போட்ட சட்டம் நினைவிருக்கிறது: "நூறு டாலர். அது போனா அந்தப் போக்கர் ஆப்பும் உன் போன்லருந்து போகணும். மறுபடி ஒரு சென்ட் உள்ள போடக் கூடாது." போடவில்லை. நானும் ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். கையிருப்பில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் எந்த மேசைக்கும் கொண்டுபோவதில்லை. நூறு டாலர்காரனுக்கு அந்தக் கணக்கில் கிடைப்பது, பந்தயம் இரண்டு சென்டில் தொடங்கும் மேசை. என்னோடு வேலை செய்யும் ரெனாட்டோ அதைப் பார்த்துவிட்டு, "வாங்க ரெண்டு சென்ட் கோடீஸ்வரரே, இன்னிக்கு எத்தனை சென்ட் லாபம்?" என்று தினமும் கேண்டீனில் எழுந்து நின்று வரவேற்றான்.

எனக்கு வேண்டியது சென்ட் இல்லை. நம் கல்யாண வாரத்திலேயே மில்லைப் பராமரிப்புக்கு நிறுத்தினார்கள், தேனிலவு நடக்காமல் போயிற்று. பிறகு நீ அந்த மருத்துவ நிலைய வேலைக்கு வடக்கே போனாய். நயாகரா தகுதிச்சுற்றின் பரிசில் "இருவருக்கான அறை" என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்ததிலிருந்து வேறு எந்த ஆட்டமும் கண்ணில் படவில்லை.

அந்தச் சுற்றில் முதல் மூன்று பேருக்கும் ஒரே பரிசு. முதல் ஆளுக்கென்று ஒரு டாலர்கூட அதிகமில்லை. நான்காவது ஆளுக்கு ஒன்றுமே இல்லை. நவம்பரில் நான்கு பேர் மிஞ்சியிருந்தபோது எனக்கு ராஜா ஜோடி வந்தது. ஏஸ் ஜோடிக்கு அடுத்த நல்ல கை, விடுவேனா? முழுவதையும் நடுவில் தள்ளினேன். எதிராளியிடம் ஒரு ஏஸ் இருந்தது, மேசையில் இன்னொரு ஏஸ் விழுந்தது. நான்காவது ஆள் நான்தான்.

டிசம்பர் இன்னும் மோசம். விட்டதைச் சீக்கிரம் பிடிக்க இருபதில் ஒரு பங்குச் சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரே நேரத்தில் இரண்டு பெரிய மேசைகளில் உட்கார்ந்தேன். நல்ல சீட்டு வந்தது இடப்பக்கத்தில். பொத்தானை அழுத்தியது வலப்பக்கத்தில். அங்கே என் கையில் ஏழும் இரண்டும். போக்கரில் அதைவிடக் கேவலமான கை கிடையாது. அன்றைக்கு மிஞ்சியது பதினோரு டாலர். அதுவும் போனால் உன் சட்டப்படி கடை மூடல், அறையும் இல்லை. அந்த வாரம் நீ போனில் "ஏன் இவ்ளோ அமைதியா இருக்க?" என்று கேட்டதற்குக் காரணம் இதுதான்.

ஜனவரி முழுவதும் ஒரே ஒரு இரண்டு சென்ட் மேசை. பத்துக் கையில் எட்டைப் பந்தயம் கட்டாமலே கவிழ்த்தேன். எவ்வளவு சலிப்பு தெரியுமா? அதற்குச் சுவரில் பெயின்ட் காய்வதைப் பார்ப்பதே சுவாரசியம். ஆனால் பதினொன்று ஏறியது. போன வாரம் ஒரு டாலர் முன்சுற்றில் ஜெயித்து, இன்றைய தகுதிச்சுற்றுக்குள் மறுபடி நுழைந்தேன்.

மதியம் ரெனாட்டோ, இளஞ்சிவப்புப் பாகு பூசிய நம்மூர்ப் பெர்சியன் பன் ஒரு பெட்டியோடு வந்து சோபாவில் உட்கார்ந்தான். "தோத்தா ஆறுதல், ஜெயிச்சா விருந்து, எப்படியும் நான் தின்னுவேன்" என்றான். நான்கு பேர் மிஞ்சினோம். ஒருவனிடம் மலையளவு பந்தயச் சிப். நான் இரண்டாவது. மூன்றாவது ஆள் என்னைவிடக் கொஞ்சம் குறைவு. நான்காவது ஆளிடம் அடுத்த கையின் கட்டாயப் பந்தயத்துக்கே போதாத மிச்சம்.

மலைக்காரன் முழுவதையும் நடுவில் தள்ளினான். என் சீட்டைப் பார்த்தேன். இரண்டு ஏஸ்.

ரெனாட்டோ வாயில் இருந்த பெர்சியனோடு கத்தினான். "டேய், ஏஸ்டா! ரெண்டு ஏஸ்டா! அழுத்துடா மடையா, என்ன வேடிக்கை பாத்துட்டு உக்காந்திருக்க?" கை பொத்தானுக்குப் போய்விட்டது, கிளென்னா. என்னை உனக்குத் தெரியும். கடிகாரம் இறங்கிக்கொண்டிருந்தது. அளந்தேன். ஏஸ் ஜோடியும் ஐந்தில் ஒரு முறை தோற்கும். ஜெயித்தால் என்ன கூடுதல்? ஒன்றும் இல்லை. பரிசு ஒன்றுதான். தோற்றால் அறை போச்சு. சும்மா இருந்தால், அடுத்த கையிலேயே அந்த நான்காவது ஆள் கழன்றுகொள்ளலாம்.

கவிழ்த்தேன்.

ரெனாட்டோ எழுந்து கோட்டை மாட்டினான். "இனிமே உன்கூட ஒரே மேசைல சாப்பிடக்கூட மாட்டேன். ஏஸைத் தூக்கிப் போட்டவன்னு நாளைக்கு மில் பூரா சொல்லுவேன்" என்றான். பூட்ஸ் வார் கட்டிக்கொண்டிருந்தபோது அடுத்த கை வந்தது. நான்காவது ஆளின் மிச்சம் நடுவே போனது. மலைக்காரன் ஒரு சாதாரணப் பத்து ஜோடியில் அதை அள்ளினான். திரையில் வாழ்த்து வந்தது. நான் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தேன், முழங்கையில் ஒரு சிராய்ப்பு, பயப்படாதே. ரெனாட்டோ ஒரு காலில் பூட்ஸோடு என்னைக் கட்டிக்கொண்டு, "நான் அப்பவே நெனச்சேன், கவுத்துருவான்னு" என்றான். பச்சைப் பொய். பிறகு பூட்ஸோடு உன் கம்பளத்தில் ஆடினான். கறையைத் துடைத்துவிட்டேன், முழுசாகப் போகவில்லை.

அங்கே அந்த மக்களுக்கு நீ தேவை. அந்தக் குழந்தைகளைப் பற்றி நீ பேசும்போது குரல் மாறுவதைக் குறுக்கே பேசுகிற எனக்கே கேட்கிறது. அதனால்தான் ஒப்பந்தத்தைப் பற்றி எழுதவில்லை. நீ நீட்டித்தால் அந்த ஹோட்டலுக்கு அங்கிருந்து நேராக வா. நீட்டிக்காவிட்டால் நாம் இங்கிருந்து சேர்ந்தே போகலாம். இரண்டில் எது என்று நான் தள்ளப் போவதில்லை.

அறைப் பதிவில் தங்குபவர் பெயர்கள் கேட்டிருந்தார்கள். மாதக் கடைசி வரை அவகாசம் இருக்கிறது. உன் பதில் வரட்டும் என்று அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தேன். அது மட்டும் என்னால் முடியவில்லை. இரண்டு பெயரும் எழுதி அனுப்பிவிட்டேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நன்றாகச் சாப்பிடு. மிஞ்சிய மூன்று பெர்சியனையும் இந்தக் கடிதத்தோடு விமானத்தில் அனுப்புகிறேன், நசுங்கியிருந்தாலும் தின்னு. நான்கு நாளும் நீ பேசு. நான் குறுக்கே வர மாட்டேன். வா.

என்றும் உன்,
ஈரோ