மடங்காத கத்தியும் மசியாத மனிதரும்

மார்ச் 4
கத்தி வந்துவிட்டது! எங்கள் நடைக்குழுவில் எல்லோரும் வைத்திருக்கும் மடங்காத கத்தி. கனத்த முதுகு, தோல் உறை, பிடியின் அடிவரை ஒரே துண்டாக ஓடும் இரும்பு. வகுப்பாக இருந்தால் இப்படிச் சொல்லியிருப்பேன்: மடக்குக் கத்தி குடை, இது ஊன்றுகோல். ஊன்றுகோலில் கழன்றுபோக மூட்டே கிடையாது.

இவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "யார் தலைய வாங்கப் போறே?"

"இருபதாம் தேதி ஆத்தங்கரை முகாமுக்குங்க. நீங்களும் வாங்களேன்."

"என் தலகாணி இல்லாம எனக்குத் தூக்கம் வராது. அந்தக் கத்தி என் சமையல்கட்டுக்குள்ள வரக்கூடாது, சொல்லிட்டேன்."

ஓய்வு பெற்றதிலிருந்து சமையலறை அவர் ராஜ்யம், நான் வெறும் பிரஜை. ஆனாலும் அவரை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லையே! கல்யாணமாகி இத்தனை காலத்தில் ஒரு நாள்கூட இருவரும் வெட்டவெளியில் படுத்ததில்லை.

மார்ச் 6
பின்வாசலில் விறகு பிளந்தேன். கத்தியை விறகின் தலையில் நிறுத்தி, அதன் முதுகில் இன்னொரு கட்டையால் தட்ட வேண்டும். பழக்கதோஷம், முதலில் சாக்பீஸால் நேர்கோடு போட்டேன். விறகு கடைசி பெஞ்சுப் பிள்ளை மாதிரி கோட்டை மதிக்காமல் தன் போக்கில் பிளந்தது. ஆனால் பிளந்ததே! ஒரு குதி குதித்தேன். முழங்கால் திட்டியது.

மார்ச் 7
அவர் குளிக்கப் போன நேரத்தில் திருட்டுத்தனமாக ஒரு தக்காளி. கூழாகிவிட்டது. தடித்த அலகு தக்காளிக்கு எமன். தடயத்தைத் தின்றுவிட்டேன்.

மார்ச் 8
ஐயோ! நேற்று கரும்பலகையைத் துடைப்பதுபோல ஈரத்துணியால் ஒரே இழுப்பு, அப்படியே உறைக்குள் சொருகிவிட்டேன். இன்று பார்த்தால் அலகெல்லாம் துரு. ஏன்டி உனக்கு இந்த அவசரம்? வேறு வழியில்லை, அவரிடம் காட்டினேன்.

"அடிப்பாவி, இரும்ப ஈரத்தோட மூடி வெப்பாங்களா? டீச்சராம் டீச்சர்!"

உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, உப்புத் தொட்டுத் தேய்த்தார். காயவைத்து எண்ணெய் பூசினார். கையில் எடை பார்த்தார். கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 11
பூசணிக்காய் வெட்டினார். "சும்மா, கூர் எப்படின்னு பாக்கத்தான்."

மார்ச் 13
இன்றும் பூசணிக்காய். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மார்ச் 17
விறகு பிளந்து பழகக் கத்தியைக் கேட்டேன். "இரு, இப்பத்தான் எண்ண போட்டிருக்கேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆமா, முகாமுல இத யார் தொடைப்பா?"

"நான்தான்."

"நீயா?"

விடை எனக்குத் தெரியும். பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும் என்று பொறுமையாக நின்றேன்.

மார்ச் 20
ஆற்றங்கரை. கூடாரம் போட்டாயிற்று. வெங்காயம் நறுக்கலாம் என்று கத்தியைத் தேடினேன்.

"என் இடுப்புல இருக்கு. என்ன வெட்டணும்னு சொல்லு, நான் வெட்டறேன்."

வெங்காயம் வெட்டினார், விறகு பிளந்தார், பக்கத்துக் கூடாரத்தின் விறகையும் பிளந்தார். என் கத்தி என்னிடம் திரும்பி வரும் என்று தோன்றவில்லை.

உள்ளே தலையணை ஒன்றுதான், அவருடையது. அதை நடுவில் வைத்து, பாதியை எனக்கு விட்டிருக்கிறார்.